விலைக்கு வந்த வரிசை

உலகத்திலே தோன்றிய சாம்ராஜ்யங்களில் பெரும்பாலானவை யுத்த களத்திலே தோன்றியவை. சில, அரண்மனைச் சதிகளிலே தோன்றியவை. மரப் பெஞ்சியிலே தோன்றிய சாம்ராஜ்யம் எனக்குத் தெரிந்த வரையில் ஒன்றே ஒன்றுதான். அந்தச் சாம்ராஜ்யத்துக்குள் நுழைவதற்கு ஒரு குடும்பம் இன்று என்ன கப்பம் கட்ட வேண்டியிருக்கிறது என்பதுதான் இந்த வாரத்து விஷயம்.

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்திலே கிரிஃபித் பார்க் என்று ஒரு விசாலமான பூங்கா இருக்கிறது. அங்கே ஒரு குடை ராட்டினம். மிக்கி எலியைப் படைத்து உலகப் பிரசித்தி பெற்ற வால்ட் டிஸ்னி, ஓய்வு நாட்களில் தம்முடைய இரண்டு பெண் குழந்தைகளையும் அந்த ராட்டினத்துக்கு அழைத்துப் போவது வழக்கம். குழந்தைகள் மரக் குதிரையின் மேல் ஏறிச் சுற்றுவார்கள். தகப்பனார் பெஞ்சியில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துக் கொண்டிருப்பார். உலகப் பிரசித்தி பெற்றவராயிருந்தால் என்ன? பெஞ்சியில் காத்திருக்கும் தகப்பனுக்கு அது ஒத்தாசைக்கு வருமா? குழந்தைகளுக்கு ஒரே குதூகலம்; இவருக்கோ கொட்டாவி. அப்போதுதான், பெற்றோரும் குழந்தைகளும் சேர்ந்தே விளையாடக்கூடிய இடம் ஒன்று ஏன் இருக்கக் கூடாது என்ற எண்ணம் அவருக்கு உதயமாயிற்று. இதை அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

எண்ணத்தோடு அவர் நிற்கவில்லை. அனஹைம் என்னும் ஊரில் 160 ஏக்கர் நிலம் வாங்கினார். அதில் பெரும் பகுதி ஆரஞ்சுத் தோட்டம். பணம் போதவில்லை. தம்முடைய ஆயுள் இன்ஷூரன்ஸ் பாலிஸியின் பேரில்கூடக் கடன் வாங்கினார். டெலிவிஷன் கம்பெனி ஒன்றைப் பங்காளியாகச் சேர்த்துக் கொண்டார். முடிவில் சுமார் 1 கோடியே 70 லட்சம் டாலர் செலவாயிற்று. 1955-ஆம் வருஷம் ஜூலை மாதம் 17-ஆம் தேதி டிஸ்னிலாண்ட் திறக்கப்பட்டது. 1971-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் ப்ளோரிடா மாகாணத்தில் இதைவிடப் பன்மடங்கு பெரிதாய் டிஸ்னி வோர்ல்ட் திறக்கப்பட்டது. அதைப் பார்க்க வால்ட் டிஸ்னி உயிரோடு இல்லை. 1966-ஆம் வருஷமே காலமாகி விட்டார்.

"அமெரிக்காவில் உள்ள ராட்டினங்களைப் பற்றி நமக்கென்ன கவலை?" என்று நேயர்கள் கேட்கலாம். நம்மில் அநேகருடைய பிள்ளைகளும் பெண்களும் அந்தத் தேசத்திலே குடியும் குடித்தனமுமாய் இருக்கிறார்கள். தாத்தாவும் பாட்டியும் விமானம் ஏறிப் போனால், "இந்த லீவுக்கு டிஸ்னி போகலாமா?" என்று பேரக் குழந்தை கேட்காமல் இருப்பதில்லை. மாப்பிள்ளை பதில் சொல்லாமல் ஜன்னல் பக்கம் பார்க்கிறார். ஏன் அப்படிப் பார்க்கிறார் என்று தாத்தாவுக்குத் தெரிய வேண்டாமா?

கணக்கைப் பார்ப்போம். 1955-ல் டிஸ்னிலாண்டுக்குள் நுழையப் பெரியவர்களுக்கு 1 டாலர், குழந்தைகளுக்கு 50 சென்ட். தாய் தகப்பன், இரண்டு குழந்தைகள் என்றால் 3 டாலரோடு உள்ளே போய்விடலாம். ஆனால் இத்துடன் நிறுத்திக்கொண்டு "அந்தக் காலத்திலே மூன்று டாலர்!" என்று பெருமூச்சு விடுவது நியாயம் அல்ல. உள்ளே ஒவ்வொரு ராட்டினத்துக்கும் தனிக் காசு உண்டு. 10 சென்ட் முதல் 35 சென்ட் வரையில் கொடுக்க வேண்டும். நால்வரும் ஆளுக்குப் பத்து ராட்டினம் ஏறினார்கள் என்றும், ஒன்றுக்கு 25 சென்ட் என்றும் சற்றுத் தாராளமாகவே வைத்துக் கொள்வோம். இது 10 டாலர். ஆகக்கூடி 13 டாலர். அந்த வருஷத்தில் அமெரிக்கச் சட்டப்படி தொழிலாளிக்குக் கொடுக்க வேண்டிய குறைந்த பட்சக் கூலி மணிக்கு 75 சென்ட். ஆகவே அடிமட்டக் கூலிக்காரன் ஒருவன் 17 மணி நேரம் உழைத்தால், அதாவது இரண்டு நாள் வேலைக்குச் சற்று மேல் செய்தால், குடும்பத்தோடு ஒரு நாள் ஆனந்தமாய் இருந்துவிட்டு வரலாம்.

இப்போது 2025-ஆம் வருஷத்துக்கு வருவோம். ராட்டினத்துக்கு ராட்டினம் காசு வாங்கும் முறை 1982-லேயே போய்விட்டது. நுழைவுச் சீட்டிலேயே எல்லாம் அடக்கம். அந்தச் சீட்டுக்கு ஒரே விலை இல்லை. நாளுக்கு ஒரு விலை. 2025 அக்டோபரில் கம்பெனியார் அறிவித்தபடி டிஸ்னிலாண்டில் ஒரு நாள் சீட்டு மிகவும் மலிவான நாளில் 104 டாலர். மிகவும் கிராக்கியான நாளில் 224 டாலர். பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குச் சில டாலர் குறைவு. மூன்று வயது ஆகாத சிசுக்களுக்கு இனாம். பத்து வயது நிறைந்துவிட்டால் அந்தக் குழந்தை, டிஸ்னியின் சாஸ்திரப்படி, பெரிய மனுஷன்! அதே மூன்று டாலர் குடும்பத்துக்கு மலிவான நாளில் சுமார் 400 டாலரும் கிராக்கியான நாளில் சுமார் 900 டாலரும் நுழைவுக்கு மட்டுமே ஆகின்றன. கலிபோர்னியா மாகாணத்தில் 2025-ல் குறைந்த பட்சக் கூலி மணிக்கு 16 டாலர் 50 சென்ட். முதல் கணக்குக்கு 25 மணி நேர உழைப்பு வேண்டும். இரண்டாவதற்கு 54 மணி நேரம். இரண்டு நாள் கூலிக்குக் கிடைத்த ஆனந்தத்துக்கு இப்போது ஒரு வாரக் கூலி போதவில்லை. சாப்பாடு, ஹோட்டல் அறை, வண்டி நிறுத்தும் இடம், குழந்தையின் தலைக்கு எலிக் காது வைத்த தொப்பி ஆகியவை தனி.

இந்த நாளுக்கு ஒரு விலை என்ற ஏற்பாட்டை நேயர்கள் சற்றுக் கவனிக்க வேண்டும். 2016-ல்தான் இது ஆரம்பமாயிற்று. மலிவான நாள் எது? பள்ளிக்கூடம் நடக்கிற நாள். கிராக்கியான நாள் எது? கிறிஸ்துமஸ் விடுமுறை போன்ற, பள்ளிக்கூடம் மூடியிருக்கிற நாள். பிள்ளை குட்டி இல்லாதவர்களும், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்களும் மலிவான நாள் பார்த்துப் போய் வரலாம். பள்ளிக்கூடத்தில் படிக்கும் குழந்தைகளையுடைய தகப்பன், முதலாளி லீவு கொடுக்கிற நாளில்தானே போகமுடியும்? எனவே குழந்தைகளுக்கென்று ஏற்பட்ட இடத்திலே அதிக விலை கொடுக்கிறவர்கள், குழந்தைகளையுடையவர்கள்! பெரியவர்களும் சிறியவர்களும் சேர்ந்து விளையாட வேண்டும் என்று பெஞ்சியில் உட்கார்ந்து யோசித்தவர் இந்த வேடிக்கையை எதிர்பார்த்திருக்க மாட்டார்.

ஆனால் நுழைவுச் சீட்டின் விலை ஏறியதைக்கூட நான் பெரிய குற்றமாகச் சொல்ல மாட்டேன். விலைவாசி ஏறாத தேசம் எது? என்னுடைய மனத்தை உறுத்துவது வேறு ஒரு சங்கதி. அது வரிசையைப் பற்றியது.

பழைய நாளில் டிஸ்னிலாண்டில் சீட்டுப் புத்தகங்கள் விற்றார்கள். ஏ, பி, ஸி, டி, ஈ என்று சீட்டுகளுக்குப் பெயர். சாதாரண ராட்டினத்துக்கு ஏ சீட்டு. பனிமலைச் சரிவில் பாய்ந்து இறங்கும் வண்டி போன்ற அதியற்புதங்களுக்கு, 1959-ல் ஏற்படுத்திய ஈ சீட்டு. இந்த ஈ சீட்டு அமெரிக்கர்களின் பேச்சில் பழமொழி போலவே ஆகிவிட்டது. 1983-ல் விண்வெளிக்குச் சென்ற முதல் அமெரிக்கப் பெண்மணியான ஸாலி ரைட், தம்முடைய பிரயாணத்தை ஈ சீட்டு அனுபவம் என்றே வர்ணித்தார். சிறந்த விளையாட்டுக்கு அதிகக் காசு என்ற ஏற்பாடு அப்போதும் இருக்கத்தான் இருந்தது. ஆயினும், ஈ சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு லட்சாதிபதியின் மகனும் லாரி ஓட்டுகிறவரின் மகனும் ஒரே வரிசையில்தான் நின்றார்கள். வெயில் இருவருக்கும் ஒன்றுபோல் அடித்தது.

ஜனக் கூட்டம் பெருகிற்று. வரிசை நீண்டது. 1999-ல் கம்பெனியார் ஒரு நல்ல யுக்தி கண்டுபிடித்தார்கள். ஃபாஸ்ட் பாஸ் என்று அதற்குப் பெயர். ராட்டினத்தின் அருகிலுள்ள யந்திரத்தில் நுழைவுச் சீட்டைச் செருகினால், இன்ன மணிக்குத் திரும்பி வா என்று ஒரு துண்டுக் காகிதம் வரும். அந்த நேரத்துக்கு வந்தால் அதிகம் நிற்காமல் உள்ளே போகலாம். இதற்குத் தனிக் காசு கிடையாது. முதலில் எழுந்து வந்தவனுக்கு முதல் இடம். இதைவிட நியாயம் வேறென்ன வேண்டும்?

2021-ல் இந்த இனாம் முறைக்கு முடிவு வந்தது. அதற்குப் பதிலாக, ப்ளோரிடாவில் ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 15 டாலரும், கலிபோர்னியாவில் 20 டாலரும் கொடுத்தால் லைட்னிங் லேன், அதாவது மின்னல் வழி என்ற தனி வழியில் போகலாம் என்று ஏற்பாடாயிற்று. நாளடைவில் இதற்கும் நாளுக்கு ஒரு விலை வந்து, ஏறிக்கொண்டே போயிற்று. மிகவும் புகழ் பெற்ற சில ராட்டினங்கள் இந்தப் பணத்திலும் சேராது. அவற்றுக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். 2024 அக்டோபரில் இன்னொரு படி மேலே போனார்கள். எந்த நேரத்திலும் முன்பதிவு இல்லாமல் மின்னல் வழியில் நுழைவதற்கு ஓர் உயர்தரச் சீட்டு ஏற்படுத்தினார்கள். அந்த வருஷத்துக் கிறிஸ்துமஸ் காலத்தில் ப்ளோரிடாவில் மாஜிக் கிங்டம் என்னும் பிரதான பூங்காவில் அதன் விலை ஆளுக்கு 449 டாலர். நுழைவுச் சீட்டைச் சேர்க்காமல்தான்! விமான நிலையத்திலிருந்து தங்கள் ஹோட்டலுக்கு வருகிறவர்களுக்கு 2005 முதல் இனாமாக விட்டிருந்த பஸ்ஸையும் 2022 ஆரம்பத்தோடு நிறுத்திவிட்டார்கள்.

இதன் பலன் என்ன? இரண்டு குடும்பங்கள் ஒரே ராட்டினத்துக்கு வருகின்றன. ஒரு குடும்பம் மின்னல் வழியில் போய்ச் சில நிமிஷத்தில் ஏறி விடுகிறது. மற்றது கம்பித் தடுப்புகளுக்கு நடுவில் அங்குலம் அங்குலமாக நகர்கிறது. மின்னல் வழியில் போகிறவர்களுக்கு முதல் இடம் கொடுப்பதனால், காசு கொடாதவர்களின் வரிசை இன்னும் மெதுவாகத்தான் நகரும். பணம் கொடுத்தவன் நேரத்தை வாங்குகிறான் என்று சொல்லுகிறோம். அந்த நேரம் ஆகாயத்திலிருந்தா வருகிறது? பக்கத்து வரிசையில் நிற்கிற குழந்தையிடமிருந்து அல்லவா வருகிறது?

"அப்பா, அவர்கள் மட்டும் ஏன் முன்னால் போகிறார்கள்?" என்று ஆறு வயதுக் குழந்தை கேட்டால் தகப்பன் என்ன பதில் சொல்வான்? அவனும் ஒரு வாரக் கூலியைக் கொட்டிவிட்டுத்தான் அங்கே வந்து நிற்கிறான். காசு கொடாமல் வந்தவன் அல்ல. ஆயினும், தன்னுடைய குழந்தையின் முன்னிலையில் அவன் ஏழையாகி விடுகிறான். இந்த உணர்ச்சியை எந்தக் கணக்குப் புத்தகத்தில் எந்தப் பத்தியில் எழுதுவது?

இதைப் படித்துவிட்டு, "பணத்தாசை பிடித்த தேசம்!" என்று நாம் ஏளனமாகச் சிரித்துவிட வேண்டாம். சிரிக்க நமக்கு அருகதை இல்லை. நம்முடைய பெரிய கோயில்களிலே தர்ம தரிசனம் என்று ஒரு வரிசை, சிறப்புத் தரிசனம் என்று ஒரு வரிசை வைத்திருக்கிறோம். தர்ம வரிசையில் கைக்குழந்தையுடன் நிற்கிற அம்மாளைத் தாண்டிக்கொண்டு, சீட்டு வாங்கியவர்கள் ஆண்டவனுடைய சந்நிதிக்குப் போகிறார்கள். எலி ராஜாவின் கோட்டையில் நடப்பது பெரிய விபரீதமா, பக்தியின் பேரால் நடப்பது பெரிய விபரீதமா என்று நேயர்களே தீர்மானித்துக் கொள்ளட்டும்.

கம்பெனியாரின் கட்சியையும் சொல்லிவிட வேண்டும். "கூட்டம் தாங்கவில்லை. மாஜிக் கிங்டத்துக்கு மட்டும் வருஷத்துக்கு 1 கோடியே 70 லட்சம் பேருக்கு மேல் வருகிறார்கள். எல்லாரும் ஒரே நாளில் வந்தால் ஒருவருக்கும் சுகம் இல்லை. விலை வித்தியாசத்தினால் கூட்டம் பல நாட்களில் பரவுகிறது. புதிய ராட்டினங்களுக்குக் கோடிக்கணக்கில் செலவாகிறது. வேண்டாதவர்களை நாங்கள் கட்டாயப்படுத்தவில்லையே?" என்பது அவர்களுடைய வாதம். இதில் உண்மை இல்லாமல் இல்லை. அடுத்த பத்து வருஷத்தில் பூங்காக்களிலும் கப்பல்களிலும் 6,000 கோடி டாலர் போடப் போவதாக 2023-ல் அறிவித்திருக்கிறார்கள். சில மாதங்களில் குழந்தைகளுக்குக் குறைந்த விலைச் சீட்டும் விற்றிருக்கிறார்கள்.

ஆனால் வாதத்தின் மறுபக்கமும் ஒன்று உண்டு. 2024 செப்டம்பரோடு முடிந்த கணக்கு வருஷத்தில் அந்தக் கம்பெனியின் பல பிரிவுகளும் சேர்ந்து ஈட்டிய லாபம் சுமார் 1,560 கோடி டாலர். அதில் 920 கோடிக்கு மேல் பூங்கா, ஹோட்டல், கப்பல், பொம்மைச் சரக்கு ஆகியவற்றைச் சேர்ந்த பிரிவிலிருந்து வந்தது. வீட்டிலிருந்தபடியே படம் பார்க்கும் இணைய வியாபாரத்தில் 2022-ஆம் கணக்கு வருஷத்தில் சுமார் 400 கோடி டாலர் நஷ்டம். ஒரு பக்கம் ஓட்டையாய் இருக்கும்போது மறு பக்கத்துக் கறவைப் பசுவை இன்னும் கொஞ்சம் கறக்கத் தோன்றுவது சகஜந்தானே? கூட்டத்தைக் குறைப்பதற்காக மட்டும் விலை ஏறிற்று என்றால் நம்பலாம். விலையும் ஏறி, கூட்டமும் நிறைந்து, லாபமும் பெருகினால், அதற்கு வேறு பெயர் சொல்ல வேண்டியிருக்கிறது.

விலையை ஏற்றினால் எல்லாருக்கும் லாபம் வரும் என்பதும் நிச்சயம் இல்லை. ஸிக்ஸ் ஃப்ளாக்ஸ் என்ற மற்றொரு பெரிய பூங்காக் கம்பெனியார், கூட்டம் குறைந்தாலும் பாதகமில்லை, தலைக்குத் தலை அதிகப் பணம் வந்தால் போதும் என்று 2022-ல் விலையை உயர்த்திப் பார்த்தார்கள். முந்திய வருஷம் 2 கோடியே 77 லட்சம் பேர் வந்த இடத்தில் அந்த வருஷம் 2 கோடியே 5 லட்சம் பேர்தான் வந்தார்கள். நாலில் ஒரு பங்கு மாயமாய் மறைந்துவிட்டது! பிறகு விலையை இறக்கி, போன ஜனங்களைக் கூவி அழைக்க நேர்ந்தது.

அமெரிக்காவில் எல்லாப் பூங்காக்களும் இப்படித்தான் என்று எண்ண வேண்டாம். பென்ஸில்வேனியா மாகாணத்தில் எலிஸ்பர்க் என்ற சிற்றூரின் அருகில் நோபெல்ஸ் என்று ஒரு பூங்கா 1926-லிருந்து ஒரே குடும்பத்தாரின் கையில் நடந்து வருகிறது. மரங்கள் அடர்ந்த இடம். உள்ளே நுழைவதற்குக் காசு இல்லை. வண்டி நிறுத்துவதற்கும் காசு இல்லை. எந்த ராட்டினத்தில் ஏறுகிறோமோ அதற்குச் சீட்டு வாங்கினால் போதும். பாட்டி ராட்டினத்தில் ஏற மாட்டாள், மர நிழலில் உட்கார்ந்து பேரனைப் பார்த்துக் கொண்டிருப்பாள் என்றால், பாட்டிக்குச் செலவு பூஜ்யம். இண்டியானா மாகாணத்தில் ஸாண்டா கிளாஸ் என்ற விசித்திரப் பெயருள்ள ஊரிலே, 1946-ல் தொடங்கிய ஹாலிடே வோர்ல்ட் என்ற பூங்காவில், 2000-ஆம் வருஷம் முதல் குளிர்பானம் இனாம். வெயிலில் அலைகிற குழந்தைக்குத் தாகம் எடுக்கும் என்பது எல்லா முதலாளிகளுக்கும் தெரியும். தாகத்தைக் கண்டு விலையைக் கூட்டுகிறவர்கள் உண்டு. தண்ணீர்ப் பந்தல் வைக்கிறவர்களும் உண்டு. இந்த இரண்டு பூங்காக்களும் இவ்வளவு வருஷமாக மூடாமல் நடப்பதிலிருந்து, தண்ணீர்ப் பந்தல் வைத்ததனால் யாரும் திவாலாகி விடவில்லை என்று தெரிகிறது.

ஜன்னல் பக்கம் பார்த்துக் கொண்டிருக்கும் மாப்பிள்ளையிடம் திரும்பி வருவோம். அவருக்கு நான் சொல்வது இதுதான். போகத்தான் வேண்டுமென்றால் கணக்குப் போட்டுப் பணம் சேர்த்துக் கொண்டு போங்கள். கடன் வாங்கிக் கொண்டு போகாதீர்கள். ராட்டினம் நிமிஷத்தில் நின்றுவிடும். வட்டி நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். பள்ளிக்கூடம் அனுமதித்தால் கூட்டமில்லாத நாளாகப் பாருங்கள். போகாவிட்டால் குழந்தையின் வாழ்க்கையே பாழாய்ப் போய்விடும் என்று விளம்பரக்காரர்கள் சொன்னால், அதை மட்டும் நம்பாதீர்கள். தாத்தா பாட்டி ஊரிலிருந்து வந்திருக்கும் வீட்டில் குழந்தைக்கு வேடிக்கைக்குப் பஞ்சமா?

போய் விட்டாலோ, இன்னொரு வேண்டுகோள். இந்த மின்னல் வழிச் சீட்டுகளைப் பெரும்பாலும் கைத் தொலைபேசியில்தான் வாங்குகிறார்கள். எந்த ராட்டினத்துக்கு எந்த மணி என்று அதிலேயே ஓயாமல் பார்த்து மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். கோட்டைக்கு எதிரே குழந்தைகள் கைகொட்டிக் குதிக்கின்றன. தகப்பன் தலை குனிந்து திரையைத் தடவிக் கொண்டிருக்கிறான். ஏதாவது ஒரு ராட்டினத்துக்கு, மின்னலை மறந்துவிட்டுத் தொலைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, குழந்தையின் கையைப் பிடித்துத் தர்ம வரிசையிலேயே நில்லுங்கள். அந்த அரை மணியில் ஒரு கதை சொல்லலாம்.

வால்ட் டிஸ்னி கிரிஃபித் பார்க்கில் உட்கார்ந்த பெஞ்சி என்று ஒன்றை டிஸ்னிலாண்டின் பிரதான வீதியில் உள்ள மண்டபத்திலே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். குழந்தைகள் ஒரு பக்கமும் தகப்பன் ஒரு பக்கமுமாய் இருந்த காலத்தின் ஞாபகார்த்தம் அது. ஒரு வித்தியாசத்தை மட்டும் சொல்லி முடிக்கிறேன். அன்று பெஞ்சியில் உட்கார்ந்திருந்த தகப்பன் வேர்க்கடலை கொறித்துக்கொண்டாவது குழந்தைகளைப் பார்த்துக் கொண்டிருந்தான்.